நேரு ஸ்டேடியத்தை மாத்தணும்... ஆனா யார்கிட்ட கேக்குறது? சென்னையின் எப்.சி. ரசிகர்களின் ஓயாத பேச்சு

சென்னை:

மேட்ச் முடிந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்தை விட்டு வெளியே வரும் நீலச்சட்டைக் கூட்டம், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டே பேசும் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? முதல் ஐந்து நிமிடம் கோட்டைவிட்ட கோல். அடுத்த ஐந்து நிமிடம் ரெப்ரிக்கு அர்ச்சனை. அதற்குப் பிறகு ரெயில் வரும்வரை ஒரே விஷயம்தான் ஓடும். ஸ்டேடியம்.

கோல் கம்பம் எங்கேயோ தூரத்தில் நிற்கிறது, டிராக்கை எடுத்தால் என்ன, நம்ம டீமுக்கென்று சொந்தமாக ஒரு பயிற்சி மைதானம் வேண்டாமா என்று ஆளாளுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். சென்னையின் எப்.சி. 2014-ல் தொடங்கிய நாளில் இருந்தே இந்தப் பேச்சும் கூடவே வருகிறது. இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற பிறகும் பேச்சு ஓயவில்லை.

ரசிகர்கள் கேட்பதில் எது நடக்கும், எது நடக்காது, ஏன் நடக்காது என்பதைப் பார்க்கும் முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டேடியம் கிளப்புக்குச் சொந்தம் இல்லை. அது அரசாங்கத்தின் சொத்து. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. கிளப் வாடகைக்கு வந்து விளையாடிவிட்டுப் போகிறது. வாடகை வீட்டில் சுவரை இடித்து ஜன்னல் வைக்க முடியுமா? அதுதான் இங்கே சிக்கல்.

மாநகராட்சி ஸ்டேடியம் இருந்த இடம்

ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம், மூர் மார்க்கெட் வளாகத்தை ஒட்டி இருக்கும் இந்த இடத்துக்குப் பெரிய பழைய கதை உண்டு. முன்பு இங்கே இருந்தது மாநகராட்சி ஸ்டேடியம். சேப்பாக்கத்தில் விளையாடாமல் இந்திய கிரிக்கெட் அணி சில ஆண்டுகள் இங்கேதான் டெஸ்ட் ஆடியது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்காட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த மண்ணில்தான். அந்த சாதனையை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆனது என்பது குறிப்பிடத்தக்கது.

பழைய ஸ்டேடியம் இருந்த இடத்தில் 1993-ல் ஜெயலலிதா முதல்-அமைச்சராக இருந்தபோது இப்போதைய நேரு ஸ்டேடியம் எழுந்தது. சுமார் 260 நாட்களில் வேலையை முடித்தார்கள் என்பது அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதே ஆண்டில் நேரு கோப்பை கால்பந்து இங்கே நடந்து, வடகொரியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்ததும் சென்னையில்தான். 40 ஆயிரம் பேர் உட்காரலாம் என்று கட்டிய இடம். ஐ.எஸ்.எல். போட்டிகளுக்கு அதில் சுமார் பாதி அளவு இருக்கைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டி.வி.யில் இந்த ஸ்டேடியத்துக்கு 'மெரினா அரீனா' என்று பேர் வைத்துச் சொல்கிறார்கள். மெரினாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வெளியூரில் இருந்து வரும் ரசிகர் அந்தப் பேரை நம்பி ஆட்டோவில் ஏறினால் நேராகக் கடற்கரைக்குத்தான் போவார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சினிமா பாடல் வெளியீட்டு விழா நடக்கும் நேரு உள்விளையாட்டு அரங்கம் வேறு, கால்பந்து நடக்கும் இந்தத் திறந்தவெளி ஸ்டேடியம் வேறு. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்ததும் அந்த உள்ளரங்கில்தான். 2024 ஜனவரி 19-ந்தேதி கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுத் தொடக்க விழா நடந்தது இந்தத் திறந்தவெளி ஸ்டேடியத்தில்.

கோல் கம்பம் ஏன் தூரம்?

ரசிகர்களின் முதல் குறை இது. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரியில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கக் கோல் விழுந்ததா இல்லையா என்பதே பக்கத்தில் இருப்பவர் துள்ளுவதைப் பார்த்துத்தான் தெரிகிறது என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சர்வதேச அளவுப்படி போடும் 400 மீட்டர் ஓட்டப்பந்தய டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர். இரண்டு பக்க வளைவுகளின் ஆரம் 36.5 மீட்டர். ஆக டிராக்குக்கு உள்ளே இருக்கும் இடத்தின் நீளம் 157 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். கால்பந்து மைதானத்தின் நீளம் 105 மீட்டர். மீதி 52 மீட்டரை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு கோல் கோட்டுக்குப் பின்னாலும் 26 மீட்டர் சும்மா கிடக்கும். அதற்கு அப்புறம் 8 ஓடுபாதை. ஒரு பாதை 1.22 மீட்டர் அகலம் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 10 மீட்டர்.

இரண்டையும் கூட்டினால் 36 மீட்டர். அதாவது கிரிக்கெட் பிட்ச்சின் நீளத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. இதற்குப் பின்னால்தான் வேலி, நடைபாதை, முதல் வரிசை எல்லாம். பெனால்டி அடிக்கும் இடம் கோல் கோட்டில் இருந்து வெறும் 11 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் இருக்கும் ரசிகரைவிட பெனால்டி அடிப்பவர் கோல் கீப்பருக்கு எவ்வளவு பக்கம்!

பக்கவாட்டுக் கேலரிகளில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே உள்வட்டத்தின் அகலம் 73 மீட்டர், மைதானம் 68 மீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டரை மீட்டர்தான் வீண். டிராக்கையும் சேர்த்தால் 12 மீட்டர் சொச்சம். நடுப்பகுதி டிக்கெட் சீக்கிரம் போவது சும்மா இல்லை.

தூரம் என்பது பார்வை மட்டும் இல்லை, சத்தமும்தான். 'பி ஸ்டேண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று இரண்டு ரசிகர் கூட்டங்கள் மேளம், பாட்டு, பேனர் என்று தொண்ட கிழிய கத்துகிறார்கள். ஒரு கூட்டத்தின் பேரிலேயே ஸ்டேண்டு இருக்கிறது, அந்த அளவுக்கு இடத்தோடு ஒட்டியவர்கள். அவர்கள் போடும் சத்தம் டிராக்கைத் தாண்டி உள்ளே போவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. எதிரணி கோல் கீப்பரின் காதில் விழாத கூச்சலால் யாருக்கு என்ன லாபம்?

டிராக்கை எடுக்க முடியுமா?

வெளிநாட்டில் எடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் ஸ்டேடியத்தில் 2009-ல் வேலையைத் தொடங்கி, ஓடுபாதையை நீக்கி, தரையைத் தாழ்த்தி, கேலரியைக் கோல் கம்பம் பக்கத்தில் கொண்டு வந்தார்கள். 2011-ல் வேலை முடிந்தது. இத்தாலியில் யுவென்டஸ் கதை இன்னும் சுவாரசியம். 1990 உலகக்கோப்பைக்காக டிராக்கோடு கட்டிய டெல்லே ஆல்பி ஸ்டேடியத்தில் ரசிகர்களுக்கு ஆட்டமே சரியாகத் தெரியவில்லை. 20 ஆண்டுகூட ஆகாத ஸ்டேடியத்தை இடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் சுமார் 41 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கட்டி 2011-ல் திறந்தார்கள்.

ஆனால் யுவென்டஸ் அந்த இடத்தைத் தன் கைக்கு வாங்கிய பிறகுதான் இடித்தது. இங்கே நிலைமை வேறு.

நேரு ஸ்டேடியத்து டிராக்கில் ஓடுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மாநில, மாவட்ட தடகளப் போட்டிகளுக்கு அது வேண்டும். காலையில் ஸ்பைக்ஸ் ஷூவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடித்து வரும் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு, இந்த ஊரில் செயற்கை ஓடுபாதை என்பது தெருவுக்குத் தெரு கிடைக்கும் பொருள் அல்ல. கால்பந்து ரசிகர்கள் வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறார்கள், நாங்கள் தினமும் வருகிறோம் என்று அவர்கள் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இதே இழுபறி வந்தது. கால்பந்து கிளப் வந்ததால் எங்களுக்கு இடம் இல்லாமல் போகிறது என்று அங்குள்ள தடகள வீரர்களும் பயிற்சியாளர்களும் கொடி பிடித்தார்கள்.

அதனால் டிராக்கை எடுக்கும் பேச்சு பேச்சாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. வேறொரு வழியைச் சில ரசிகர்கள் சொல்கிறார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் அந்த 26 மீட்டரில், சீசன் நடக்கும்போது மட்டும் கழற்றி மாட்டும் இரும்பு கேலரி போட்டால் என்ன? டிராக்கில் கை வைக்க வேண்டாம். சீசன் முடிந்ததும் கழற்றிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில்தான் உயரம் தாண்டுவது, ஈட்டி எறிய ஓடிவருவது எல்லாம் வரும். தீயணைப்புத் துறையும் போலீசும் வெளியேறும் வழியைக் கேட்பார்கள். டிராக்கைத் தாண்டி ரசிகர்கள் நடந்து போக மேலே விரிப்பு போட வேண்டும். முடியாது என்று இல்லை, செலவு இருக்கிறது.

மழை வந்தால் புனே

அடுத்த பிரச்சினை மழை. ஐ.எஸ்.எல். சீசன் வழக்கமாகத் தொடங்கி சூடு பிடிக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். கேரளாவுக்குத் தென்மேற்கு மழை முடிந்து வானம் வெளுக்கும் நேரத்தில் நமக்கு ஆரம்பிக்கும். மைதானத்துக்கு அடியில் மணல், ஜல்லி அடுக்கும் வடிகால் குழாயும் சரியாக இல்லாவிட்டால் இந்த ஊரில் கால்பந்து ஆட முடியாது. புல் மேலே பச்சையாக இருந்தால் போதாது, தண்ணீர் கீழே இறங்க வேண்டும்.

2015-ஐ எந்த சென்னை ரசிகரும் மறக்க மாட்டார். அந்த டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. விமான நிலையம் மூடிக் கிடந்தது. அரையிறுதியில் கொல்கத்தாவுக்கு எதிராக சென்னையில் நடக்க வேண்டிய ஆட்டத்தைப் புனேக்கு மாற்றினார்கள். சொந்த ஊர் ஆட்டம் என்று பேர், ஆடியது மராட்டிய மண்ணில். அதில் 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20-ந்தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று கோப்பையைத் தூக்கினார்கள். வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே அந்த மேட்சைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறைய பேர்.

அந்த வெள்ளத்துக்கு எந்த ஸ்டேடியமும் தாங்காது, அது வேறு. ஆனால் 2019-ல் ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் ஏ.எப்.சி. கோப்பையில் சென்னையின் எப்.சி. ஆடியபோது மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. அப்போதும் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஆமதாபாத்தில் போய் ஆட வேண்டி வந்தது. சென்னை ஸ்டேடியம் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். ஆசிய அளவில் தன் டீம் ஆடுவதை முதல் தடவையாகப் பார்க்கலாம் என்று காத்திருந்த ரசிகர், குஜராத்துக்கு ரெயில் டிக்கெட் எடுக்க வேண்டியதானது. வாடகை வீட்டின் கஷ்டம் இதுதான்.

பிறகு கொரோனா வந்தது. 2020-21, 2021-22 என இரண்டு சீசன் முழுவதும் கோவாவிலேயே நடந்தது. 2022 அக்டோபரில்தான் டீம் ஊர் திரும்பியது.

பயிற்சி மைதானம் ஏன் முக்கியம்?

ஸ்டேடியம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். விவரம் தெரிந்த ரசிகர்கள் கேட்பது வேறு. ஒரு டீம் வருஷத்தில் சொந்த ஸ்டேடியத்தில் சில நாள்தான் ஆடும். மீதி நாளெல்லாம் பயிற்சி மைதானத்தில்தான் கிடக்கும். அங்கே தரை மேடு பள்ளமாக இருந்தால் கணுக்காலும் முழங்காலும் போகும். மேட்ச் ஆடும் புல் ஒரு மாதிரி, பயிற்சி எடுக்கும் தரை ஒரு மாதிரி என்றால் பந்து எழும்புவதே வேறுபடும்.

ஆசியக் கூட்டமைப்பின் கிளப் லைசென்ஸ் முறையில் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். விளையாட்டு மேம்பாடு, கட்டமைப்பு, நிர்வாக ஆட்கள், சட்டம், நிதி. கட்டமைப்பு என்ற தலைப்பில் ஸ்டேடியமும் வருகிறது, பயிற்சி மைதானமும் வருகிறது. ஆனால் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுத்திருந்தாலும் போதும். அதனால் லைசென்ஸ் கிடைப்பதும் மைதானம் கட்டுவதும் வேறு வேறு.

ஒரு முழு அளவு மைதானத்துக்கு 7,140 சதுர மீட்டர் வேண்டும். அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். சுற்றி இடம் விட்டு, இரண்டு மைதானம், உடை மாற்றும் அறை, ஜிம், சிகிச்சை அறை, பையன்கள் தங்கும் விடுதி என்று போனால் ஐந்து ஏக்கருக்குக் குறையாது. சென்னைக்குள் ஐந்து ஏக்கர் என்றால் ரியல் எஸ்டேட்காரர்கள் சிரிப்பார்கள். ஊருக்கு வெளியே போனால் இடம் கிடைக்கும், ஆனால் வடசென்னைப் பையன் பள்ளிக்கூடம் முடிந்து அங்கே எப்படிப் போய்ச் சேருவான்?

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக விட முடியாது. ஏனென்றால் சென்னையின் கால்பந்து வடசென்னையில்தான் இருக்கிறது. வியாசர்பாடியில் கையளவு மைதானத்தில் இருந்து தன்பால் கணேஷ் வந்தார். 2018 மார்ச் 13-ந்தேதி கோவாவுக்கு எதிரான அரையிறுதியில், இதே நேரு ஸ்டேடியத்தில் அவர் தலையால் முட்டிப் போட்ட கோலை இன்னும் பேசுகிறார்கள். வீட்டில் இருந்து ஸ்டேடியத்துக்கு ஒரே பஸ்சில் வந்துவிடலாம், அந்த தூரம்தான். அன்று 3-0 என்று ஜெயித்து, நான்கு நாள் கழித்து பெங்களூருவில் பெங்களூரு டீமையே 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பையை வாங்கினார்கள்.

அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர், 2023-ல் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒற்றைக் கோல் போட்டு கொல்கத்தாவில் பாதி ஊரைத் தூங்கவிடாமல் செய்தார். நம்ம ஊர்ப் பையன் அங்கே போய் ஹீரோ ஆகிறான், நம்ம டீமில் ஏன் இல்லை என்று ரசிகர்கள் கேட்பதில் ஆதங்கம் இருக்கிறது. விடுதியோடு ஒரு பயிற்சி மைதானம் இருந்தால் 12 வயதிலேயே பிடித்து வளர்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பெங்களூரு கிளப்பின் முதலாளிகள் பெல்லாரி பக்கம் பெரிய பயிற்சி மையமே கட்டி வைத்திருக்கிறார்களே என்று உதாரணமும் காட்டுகிறார்கள்.

ரசிகர்களே கட்டிய ஸ்டேடியம்

இந்தப் பேச்சில் அடிக்கடி வந்து விழும் இன்னொரு பேர், ஜெர்மனியின் யூனியன் பெர்லின். கிழக்கு பெர்லினில் காட்டை ஒட்டி இருந்த அவர்களின் பழைய ஸ்டேடியம் இடிந்துபோகும் நிலையில் இருந்தது. கையில் காசு இல்லை. 2008-ல் ரசிகர்களே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஒரு வருஷத்துக்கு மேல், சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் மணி நேரம் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார்கள். கான்கிரீட் போட்டார்கள், படிக்கட்டு கட்டினார்கள். 2009 ஜூலையில் திறந்தார்கள். அந்த டீம் பத்து வருஷத்தில் முதல் டிவிஷனுக்கு வந்தது, 2023-ல் சாம்பியன்ஸ் லீக்கே ஆடியது.

நம்ம ஆட்களும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத் தயார்தான். வியாசர்பாடியில் மைதானத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்து ஆடி வளர்ந்தவர்கள்தானே. ஆனால் அரசாங்கச் சொத்தில் ஒரு செங்கல்லை நகர்த்தவும் கோப்பு போக வேண்டும். யூனியன் கிளப்பில் ரசிகர்கள் உறுப்பினர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். இங்கே அபிஷேக் பச்சன், டோனி, வீட்டா டானி ஆகியோர் உரிமையாளர்களாக வந்த கிளப். ரசிகர் டிக்கெட் வாங்குகிறவர், அவ்வளவுதான்.

கோவையில் நடந்தது

கட்டமைப்பைப் பற்றிப் பேசும்போது பக்கத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி எப்.சி. 2017-ல் இதே சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. பிறகு கோவை நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. அதுவும் டிராக் உள்ள அரசு ஸ்டேடியம்தான். கோவை ஜனங்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தையே வென்றார்கள். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இனி அகாடமி, மைதானம் எல்லாம் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த டீம் ஐ-லீக்கிலேயே இல்லை. கோவையில் கொடி பிடித்தவர்களுக்குக் கொடி மட்டும் மிச்சம்.

சென்னை ரசிகர்களுக்கும் 2025-ல் அந்த பயம் வந்தது. இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-ல் போட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு வராததால், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எப்.சி.யும் தன் பணிகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஸ்டேடியத்தில் எந்த சீட் நல்ல சீட் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், டீம் இருக்குமா என்று பேச ஆரம்பித்தார்கள். 14 கிளப்புகளோடு பிப்ரவரி 14-ந்தேதி சீசன் தொடங்கும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் 2026 ஜனவரியில் அறிவித்த பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த சீசன் எப்போது, எந்த வடிவில் என்று தெரியாதபோது எந்த முதலாளி ஐந்து ஏக்கர் வாங்குவார் என்று கேட்டால், ரசிகர்களிடமும் பதில் இல்லை.

இடிக்காமலே செய்யக்கூடியவை

அதனால் இப்போது பேச்சின் போக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. பெரிய திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சின்னதாகக் கேட்கிறார்கள். பெண்களுக்குப் போதுமான, சுத்தமான கழிவறை. தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொண்டால் உள்ளே குடிநீர்க் குழாய். சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சரிவுப் பாதையும், அவர் உட்கார்ந்தால் முன்னால் நிற்பவர் மறைக்காத இடமும். தூரத்துக் கேலரிக்காரர்களுக்குப் பெரிய திரை. ராத்திரி மேட்ச் முடிகிற நேரத்தில் கூடுதல் பஸ். இதற்கெல்லாம் டிராக்கைத் தொட வேண்டியதில்லை, கூட்டமைப்பின் அனுமதியும் வேண்டாம்.

இதிலும் சில ஆணையம் செய்ய வேண்டியது, சில கிளப் செய்ய வேண்டியது, பஸ் போக்குவரத்துக் கழகம் செய்ய வேண்டியது. மனு எழுதினால் மேலே யார் பேரைப் போடுவது என்பதில்தான் ரசிகர்கள் இன்னும் நிற்கிறார்கள்.

முதல் தடவையாக மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு: மெட்ரோவில் வந்தால் சென்ட்ரலில் இறங்குங்கள். 'நேரு பார்க்' என்ற ஸ்டேஷன் பேரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள், அது வேறு இடம். புறநகர் ரெயிலில் வருகிறவர்களுக்கு பூங்கா ஸ்டேஷன் வசதி. டிக்கெட் எடுக்கும்போது காசு கொஞ்சம் கூட ஆனாலும் பக்கவாட்டுக் கேலரியில் எடுங்கள். பாட்டும் மேளமும்தான் வேண்டும் என்றால் கணக்கே பார்க்காதீர்கள், நேராக ரசிகர் கூட்டத்துக்குள் போய் நின்றுவிடுங்கள்.